மாசமாக இருந்தபோது ஓடியதும் நிறுத்தியதும்

“ஓட்டமெல்லாம் வேண்டாம்மா. படுத்து ரெஸ்ட் எடு.” முதலில் பார்த்த மருத்துவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னது இவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்போது எனக்கு எட்டாவது வாரம். நாலு வருஷமாகப் பாளையங்கோட்டையில் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தவள் நான், ஞாயிற்றுக்கிழமையென்றால் பத்து கிலோமீட்டர். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஐந்து வாரம் படுத்தே கிடந்தேன். மசக்கை குறையவில்லை, ராத்திரி தூக்கம் போனது, மாடிப்படி ஏறினால் கால் நடுங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஐந்து வாரம் மனதை உறுத்துகிறது.

பெருமாள்புரத்தில் இருக்கும் மைனிதான் வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் நிதானமாகக் கேட்டார். இரத்தக்கசிவு உண்டா, பிரஷர் உண்டா, இரட்டைக் குழந்தையா, முன்னால் குறைமாதப் பிரசவம் ஏதும் ஆகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டச் சொன்னார். ஃபைலில் முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது. நச்சுக்கொடி எங்கே இருக்கிறது, கருப்பை வாய் எத்தனை நீளம் என்று எழுதியிருந்த இரண்டாம் பக்கம் அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டு பீரோவில். “அதைப் பார்க்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்” என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுநாள் செங்கோட்டை பாசஞ்சரில் போய் அந்த ஒரு தாளை எடுத்துவந்தேன். ஒரு நாள் முழுக்க அதற்கே போனது. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் எல்லாப் பக்கமும் தெரியும்படி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை. இரத்தத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் 10.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் போட்ட கையோடு அத்தை தரும் டீயைக் குடித்துவிடுவேன். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரை, டீ இரண்டு மணி நேரம் கழித்து என்று மாற்றிய பிறகு அடுத்த பரிசோதனையில் 11.2 வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அத்தையிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

“ஏற்கெனவே ஓடிப் பழகின உடம்பு, மெதுவா ஓடலாம். புதுசா ஆரம்பிக்கிறவங்கன்னா நடையில தொடங்கச் சொல்லியிருப்பேன்” என்றார் மருத்துவர். தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இலேயே சொல்லியிருக்கிறது. முதலில் போன மருத்துவரிடத்தில் எனக்கு அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

மறுபடி ஓடத் தொடங்கிய முதல் நாளே கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன். வழக்கமாக ஏழு நிமிஷத்தில் முடிக்கும் கிலோமீட்டருக்கு ஒன்பதரை ஆனது, இதயத்துடிப்போ வேகமாக ஓடும் நாளைவிட அதிகம். உடம்பு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கெடவில்லை. மாதம் ஏற ஏற இரத்தத்தின் அளவே கிட்டத்தட்ட பாதி கூடிவிடுகிறது, சும்மா இருக்கும்போதே இதயம் வேகமாக அடிக்கிறது. அதனால் பழைய கணக்கு எதுவும் உதவாது. பக்கத்தில் வருபவளிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் நடக்க வேண்டும். எனக்கு மைனிதான் அளவுகோல். அவளுக்குப் பதில் சொல்ல முடியாத நாளெல்லாம் நடந்தேன்.

அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடம்புச் சூடு ரொம்ப ஏறுவது குழந்தைக்கு நல்லதல்ல, முதல் மூன்று மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஐந்து மணிக்குப் போய் ஆறுக்கு வீடு திரும்பிவிடுவேன். அந்த நேரத்தில் இரண்டு தொல்லை. ஒன்று தெருநாய். வயிறு முன்னால் தள்ளும்போது நிலை தடுமாறுவது சுலபம், நாய் துரத்தி விழுந்தால் என்னாவது? தெருவை விட்டு மைதானத்துக்கு மாறினேன். அங்கே இரண்டாவது தொல்லை, பூட்டிய கழிப்பறை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கிறவளுக்கு, சாவி வைத்திருப்பவர் ஏழு மணிக்குத்தான் வருவார் என்றால் என்ன செய்வது? மூன்று நாள் பாதியில் வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்புறம் அங்கே நடக்க வரும் பதினோரு பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். முதலில் வாங்கவே மறுத்தார்கள். மூன்றாவது தடவை வாங்கினார்கள். இப்போது ஐந்துக்கே திறந்துவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சி தினமும் வாசலில் நின்று, “ஏட்டி, வயித்துப் புள்ளையோட ஓடுதியே, குலுங்காதா?” என்பாள். பனிக்குடத்து நீரில் மிதக்கிற பிள்ளை ஓட்டத்தால் குலுங்கிக் கலைந்துவிடாது என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் பிறகு ஒரு டம்ளர் மோரோடு காத்திருக்க ஆரம்பித்தாள்.

காலும் வீங்கியது, ஒரு அளவு பெரிய ஷூ வாங்கினேன். நாலு மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளையெல்லாம் விட்டேன்.

சாரல் காற்று வீசி, ஓடுவதற்கு ஏற்ற நாட்கள் வந்தபோது என்னால் ஓட முடியவில்லை. இருபத்தேழாவது வாரம், இடுப்பெலும்பு முன்பக்கம் சேரும் இடத்தில் கத்தி குத்துவதுபோல வலி. கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இணைப்புகளைத் தளர்த்திவிடுகின்றன, கூடவே பாரமும் ஏறுகிறது. நான் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். அது தப்பு. அதன் பலனாகப் படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் பத்து நாள் கிடந்தேன். வலி வந்த அன்றே நிறுத்துங்கள். இரத்தம், நீர்க்கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீங்கி வலித்தல், விட்டுவிட்டு வயிறு இறுகுதல், இவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பிறகு வளைகாப்பு வளையல் குலுங்க நடை மட்டும்தான், பிரசவத்துக்கு முந்தின நாள் வரை.

ஐப்பசி தொடங்குகிற நேரத்தில் மகள் பிறந்தாள், சுகப்பிரசவம். நாற்பது நாள் ஆனதுமே ஷூவை மாட்டி வாசலைத் தாண்டினேன். நூறு அடி ஓடுவதற்குள் சிறுநீர் கசிந்துவிட்டது. அழுகை வந்தது. இது நிறையப் பேருக்கு நடக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. பிசியோதெரபிஸ்ட் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, பிரசவமாகி மூன்று மாதமாவது ஆகும்வரை ஓட்டத்தை நினைக்காதே என்றார். இந்தத் தடவை காரணத்தோடு சொன்னார், அதனால் காத்திருக்க முடிந்தது.

பொங்கல் முடிந்த வாரம் மைதானத்துக்குப் போனேன். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, பத்து தடவை. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கிளம்பும் முன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போங்கள், மார்பு பாரமில்லாமல் ஓட வரும்.