தண்ணீர் பாட்டிலும் இரண்டு ஆட்டத் தடையும்

சென்னையில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களின் கால்பந்து அணி ஒன்றுக்கு நான் பயிற்சியாளர். சென்ற ஆண்டு லீக் ஆட்டம் ஒன்றில் சிவப்பு அட்டை வாங்கி, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் நின்று, இரண்டு ஆட்டங்களைக் காலரியில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். இப்படி ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்று திகைக்கும் சக பயிற்சியாளர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது நாங்கள் அடித்த கோலை ஆஃப்சைடு என்று மறுத்தார்கள். காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை உதைத்தேன், மஞ்சள் அட்டை. முதல் பாதியிலேயே ஒரு மஞ்சள் அட்டை என் கணக்கில் இருந்ததால் அதுவே சிவப்பாகிவிட்டது. அந்த முதல் அட்டைக்கு உரியவன் நான் அல்லன். எங்கள் பெஞ்சிலிருந்து யாரோ நடுவரைக் கேலி செய்து கைதட்டியிருக்கிறார்கள். பயிற்சியாளர்களுக்கும் அட்டை காட்டலாம் என்று 2019-இல் ஆட்டவிதிகளைத் திருத்தியபோது, குற்றம் செய்தவர் யாரென்று அடையாளம் தெரியாவிட்டால் அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளரே தண்டனையை ஏற்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டார்கள். அதன்படி அட்டை என்னிடம் வந்தது.

மூன்றாம் நாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். அதில் மூன்றரைப் பக்கம் அந்தக் கோல் ஏன் ஆஃப்சைடு இல்லை என்பது பற்றியது. போதாதற்கு, 2009 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் ஆர்சனல் அணியின் அப்போதைய பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் இதேபோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்ட கோலுக்காகப் பாட்டிலை உதைத்து வெளியேற்றப்பட்டதையும், போக இடமின்றி எதிரணி ரசிகர்கள் நடுவே கைகளை விரித்தபடி நின்றதையும், பிறகு நடுவர்கள் தரப்பிலிருந்தே அவரிடம் வருத்தம் தெரிவிக்கப்பட்டதையும் முன்னுதாரணமாகக் காட்டியிருந்தேன். அதைப் படித்த ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர், “நீ வெங்கர் இல்லைப்பா. கோலைப் பற்றிப் பேச அங்கே யாரும் உட்காரப் போவதில்லை. பாட்டிலை என்ன செய்தாய் என்பதை மட்டும் எழுது” என்று சொல்லிவிட்டு, மூன்றரைப் பக்கத்தையும் குறுக்கே கோடிட்டு அடித்துக் கொடுத்தார். அந்தக் கோடு இல்லாதிருந்தால் எனக்குத் தடை கூடியிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

விசாரணையில் அவர் சொன்னபடியேதான் நடந்தது. பயிற்சியாளர் நிற்க அனுமதிக்கப்பட்ட டெக்னிக்கல் ஏரியா என்பது பெஞ்சின் இரு பக்கமும் ஒரு மீட்டர், முன்னால் பக்கக்கோட்டுக்கு ஒரு மீட்டர் வரை உள்ள இடம். அதற்குள் கோபத்தில் பாட்டிலை உதைத்தால் மஞ்சள். வேண்டுமென்றே களத்துக்குள் உதைத்தால் நேரடியாகச் சிவப்பு. என் பாட்டில் உருண்டு கோட்டைத் தாண்டியிருந்ததை நடுவர் தம் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார். ஆகவே, எந்தத் திசை பார்த்து நின்றீர்கள், கோட்டிலிருந்து எத்தனை அடி, பாட்டிலில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டார்கள். கடைசிக் கேள்வி எனக்கு முதலில் சிரிப்பை வரவழைத்தது. காலி பாட்டில் அவ்வளவு தூரம் உருளாது என்பது பிறகுதான் உறைத்தது. களத்தைப் பார்த்துத்தான் நின்றேன் என்றும், எங்கே போய் விழும் என்று யோசிக்கவில்லை என்றும் உள்ளதைச் சொன்னேன்.

அடுத்து, கைதட்டியது யார் என்று கேட்டார்கள். ஆட்டம் முடிந்து வேனில் திரும்பும்போதே அது எனக்குத் தெரிந்துவிட்டது; மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்த பதினான்கு வயதுப் பையன். பெயரைச் சொல்லியிருந்தால் என் தண்டனை குறைந்திருக்கலாம். ஆனால் அந்தக் கைதட்டலை, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு மெதுவாக மூன்று முறை தட்டுவதை, அவன் என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டான். பயிற்சியில் எவனாவது எளிய பந்தைத் தவறவிட்டால் நான் செய்வது அது. அட்டை என்னுடையதாகவே இருக்கட்டும் என்று சொன்னேன்.

இரண்டு ஆட்டத் தடையும் ஒரு சிறு அபராதமும் விதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 2023 ஜூனில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த தெற்காசியக் கோப்பை ஆட்டத்தில், இந்தியா இரண்டு கோல் முன்னிலையில் இருந்தபோதே, த்ரோ எறிய வந்த பாகிஸ்தான் ஆட்டக்காரரின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கிய அப்போதைய இந்திய அணிப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் காட்சியை, செய்யக்கூடாததற்கு உதாரணமாக இதே பையன்களுக்குப் போட்டுக் காட்டியவன் நான். அதே கோப்பையின் குவைத் ஆட்டத்தில் அவர் மறுபடியும் வெளியேற்றப்பட்டு அரையிறுதியையும் இறுதியையும் தவறவிட, உதவிப் பயிற்சியாளர் மகேஷ் காவ்லியின் பொறுப்பில் இந்தியா கோப்பையை வென்றது.

எங்கள் அணி அப்படியெல்லாம் வெல்லவில்லை. ஒன்று சமன், ஒன்று தோல்வி. தடைக் காலத்தில் பெஞ்சுக்குப் போன் செய்யக்கூடாது என்பதால், மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையை முந்தின இரவே தாளில் எழுதி உதவியாளரிடம் கொடுத்திருந்தேன். காலரியில் எனக்குப் பின்னால் இருந்த ஒரு தந்தை, தம் மகன் பந்தைத் தொட்டபோதெல்லாம் எழுந்து கத்தினார். பையன் ஒவ்வொரு முறையும் பந்தை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் பாட்டில்கள் எல்லாம் பெஞ்சுக்குப் பின்னால் ஒரு வாளிக்குள் இருந்தன. யார் வைத்தது என்று கேட்டேன். கைதட்டிய பையன்தான். “நடுவர் வைக்கச் சொன்னாரா?” என்றேன். “இல்ல சார், நானேதான்” என்றான்.