சிவந்த கண்ணைக் கண்டதும் நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்

துணைத் தேர்வின் முடிவு சென்ற வாரம் வந்தது. கண் மருத்துவத்தில் தேறிவிட்டேன். முதல் முறை தவறியதற்குப் படிக்காதது காரணமன்று, பார்க்காமல் சொன்னதுதான் காரணம் என்பதால், அடுத்துத் தேர்வெழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று ஷார்ட் கேஸாக, அதாவது சிறிது நேரத்தில் பார்த்து நோயைச் சொல்ல வேண்டிய நோயாளியாக, வந்தவர் கதிரறுப்பு வேலைக்குப் போய்வந்த ஒரு பெரியவர். வலக்கண் சிவந்து நீர் வழிந்தது. ஊரெங்கும் மெட்ராஸ் ஐ பரவியிருந்த நேரமாதலால் கஞ்சங்டிவைட்டிஸ் (வெண்விழியை மூடும் மேற்சவ்வின் அழற்சி) என்றேன். ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்து தருவேன் என்றும் சொன்னேன். தேர்வாளர் பேசாமல், புண்ணில் சாயமேற்றிக் காட்டும் ஃபுளோரசின் தாளை நீட்டினார். நீல ஒளியில் கார்னியாவின் (கண்ணின் முன்புறத்திலுள்ள கண்ணாடி போன்ற படலத்தின்) நடுவே மிளகளவுக்குப் பச்சையாக ஒளிர்ந்த புண் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நெல்தாள் பட்டு வந்த புண் என்றால் பூஞ்சையை நினைக்க வேண்டும். சுரண்டி எடுத்துக் கேஓஎச் கரைசலில் பூஞ்சை தெரிகிறதா என்று பார்த்து, பூஞ்சைக்கு 5 சதவீத நாட்டமைசின் சொட்டு மருந்து என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கே ஸ்டீராய்டு விட்டால் கார்னியா துளைபட்டுக் கண்ணே போகக்கூடும்.

அதன்பின் தேவகோட்டை வீட்டின் பட்டாலையில் அப்பத்தாவை உட்காரவைத்து, டார்ச்சும் கையுமாக நாள்தோறும் ஒரே வரிசையில் பழகினேன்: பார்வை, சிவப்பின் இடம், கார்னியா, கண்பாவை, கடைசியில் இமையைப் புரட்டுதல். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு மனத்தில் நிற்கும். "மொதல்ல கையைக் கழுவிட்டுத் தொடப்பா" என்று அப்பத்தா ஒவ்வொரு நாளும் சொன்னது, கஞ்சங்டிவைட்டிஸ் பரவாமல் தடுப்பதைப் பற்றிய விடையில் நான் விட்டுவிட்ட முதல் வரி.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு இவை போதும்:

- ஓரங்களில் மிகுந்து லிம்பஸை (கார்னியாவின் விளிம்பை) நோக்கிக் குறையும் பளிச்சென்ற சிவப்பு கஞ்சங்டைவா என்னும் மேற்சவ்வினுடையது. கார்னியாவைச் சுற்றிய ஊதா கலந்த சிவப்பு ஆழத்திலிருந்து வருவது.
- கண்பாவை சுருங்கி, ஒழுங்கற்றிருந்தால் ஐரிடோசைக்ளைட்டிஸ் (கண்பாவையைச் சுற்றிய ஐரிஸ் பகுதியின் அழற்சி). பாவையை விரிக்கும் அட்ரோபினும் ஸ்டீராய்டும் தர வேண்டும்.
- கண்பாவை பாதி விரிந்து நீள்வட்டமாக அசையாமல் நின்று, கண் கல்லாக இருந்து, வாந்தியும் இருந்தால் கோண அடைப்பு கிளாக்கோமா (கண்ணுள் நீர் வெளியேறும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறுவது); அழுத்தத்தைக் குறைக்க அசிட்டசோலமைடு, மன்னிட்டால், பைலோகார்பின், பிறகு இரு கண்ணுக்கும் லேசர். இங்கே அட்ரோபினைச் சொன்னால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.
- கஞ்சங்டைவாவுக்கு அடியில் வலியில்லாத ரத்தக்கசிவு இரண்டு மூன்று வாரத்தில் தானே மறையும்; தலையில் அடிபட்டிருந்து, கசிவின் பின்னெல்லை தெரியாவிட்டால் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவை நினையுங்கள்.

இமையைப் பலரும் கடைசி இரவுக்கு ஒதுக்குகிறார்கள். எனக்கு மறுமுறை வந்ததே அதுதான். மேலிமையில் வலியில்லாத, கெட்டியான கட்டியோடு ஓர் ஆச்சி அமர்ந்திருந்தார். வலித்துச் சிவந்து, இமைமுடியின் வேரில் சீழ் கோப்பது ஸ்டை. அதற்கு வெந்நீர் ஒத்தடம். ஆச்சிக்கு இருந்தது, இமைக்குள் உள்ள மெய்போமியன் என்னும் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் சலேசியன். உட்புறமாகச் செங்குத்தாகக் கீறுவது ஏன் என்று தேர்வாளர் கேட்டார். பக்கத்துச் சுரப்பிகள் வெட்டுப்படாமலிருக்க என்றேன். அதே இடத்தில் மூன்றாம் முறை வந்த கட்டி என்று ஆச்சி முன்னமே என்னிடம் சொல்லியிருந்ததால், முதியவரிடம் திரும்பத் திரும்ப வருவது செபேசியஸ் (எண்ணெய்) சுரப்பிப் புற்றாக இருக்கலாம், பயாப்ஸி அனுப்பாமல் விடமாட்டேன் என்று நானாகவே சொன்னேன். அடுத்த கேள்வி வரவில்லை. என் பதிவேட்டை மூடிக் கையில் கொடுத்தார்.