அப்பாவின் வீடும் மூன்றரை சதவீதமும்

அப்பா காலமாகி ஓராண்டு கழித்து, அவருடைய சொத்துக் கணக்கு டர்பன் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்து, ‘நிறைவேற்றாளர் ஊதியம்’ என்ற இடத்தில் பென்சிலால் வட்டமிட்டார். இறந்தவரின் கடனை அடைத்துச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பவருக்கு அப்படியொரு தொகை உண்டு என்று அதுவரை யாரும் எங்களிடம் வாய் திறந்து சொல்லவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்த ஊதியத்தை உயில் நிர்ணயிக்காவிட்டால், சொத்தின் மொத்த மதிப்பில் 3.5 சதவீதம் என்பது விதி. கடனைக் கழித்த மதிப்பு அன்று, மொத்த மதிப்பு. பத்து லட்சம் ராண்ட் வீட்டின் மேல் வங்கிக்கு ஆறு லட்சம் பாக்கி இருந்தாலும் ஊதியம் 35,000 ராண்ட்தான். வழக்கறிஞர் 15 சதவீத வாட் வரியும் சேர்த்தால் 40,250. குடும்பத்துக்கு மிஞ்சும் நான்கு லட்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படிப் போய்விடுகிறது. ஒரே வீடும் ஒரே வங்கிக் கணக்கும் உள்ள சொத்துக்கும், பத்து ஆண்டு வழக்கில் சிக்கிய சொத்துக்கும் ஒரே விகிதம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2,50,000 ராண்டுக்கு மேற்படாத சொத்தென்றால் இறந்தவர்களின் சொத்து நிர்வாகத்தைக் கண்காணிக்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் அலுவலகம் தரும் அதிகாரக் கடிதத்தை வைத்துக்கொண்டு குடும்பமே காரியத்தை முடித்துவிடலாம். சொந்த வீடு என்று ஒன்று இருந்தாலே பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இதற்கு மாற்று உண்டா என்று சட்டத்தில் தேடினேன். 2018 நவம்பர் 1 அன்று பெரும்பகுதி நடைமுறைக்கு வந்த 2014ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டம், பழைய மாகாண வழக்கறிஞர் சங்கங்களின் இடத்தில் நாடு முழுவதற்கும் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஒரே மன்றத்தை அமைத்தது. நம்பிக்கை நிதிச் சான்றிதழ் (கட்சிக்காரரின் பணத்தைக் கையாள வேண்டிய சான்று) பெற்ற அட்வகேட்டுகள், அதாவது நீதிமன்றத்தில் வாதாடுபவர்கள், கட்சிக்காரரை நேரில் சந்திக்கும் அட்டர்னி வழியாக வராமல் மக்களிடமிருந்தே வழக்கை நேரடியாக ஏற்கவும் வழிசெய்தது. அதன் 34ஆம் பிரிவு என் கவனத்தை அதிகம் ஈர்த்தது: பல துறையினர் கூட்டாக நடத்தும் நிறுவனங்களை அனுமதிப்பது, பாராலீகல்களுக்கு (வழக்கறிஞராக இல்லாமல் சட்ட உதவி செய்பவர்களுக்கு) சட்ட அங்கீகாரம் அளிப்பது ஆகியவற்றை இரண்டாண்டுக்குள் ஆராய்ந்து அமைச்சருக்குப் பரிந்துரைக்கும்படி அது மன்றத்தைப் பணிக்கிறது. இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கறிஞர் அல்லாதவர்களும் சட்ட நிறுவனங்களில் உரிமை பெற இடம் கொடுத்தது.

அப்படிச் சட்ட நிறுவனங்களுக்குள் முதலீட்டாளர்கள் வருவதைவிட, அங்கீகாரம் பெற்ற ஒரு பாராலீகல் எங்கள் தெரு முனையில் அமர்ந்து, ‘இந்த வேலைக்கு இவ்வளவுதான்’ என்று முன்கூட்டியே எழுதித் தருவதையே நான் விரும்புகிறேன். உயில் எழுத நிலையான கட்டணம் சொல்லும் வழக்கறிஞர்கள் இப்போதும் இருக்கிறார்கள். சொத்து நிர்வாகத்துக்கும் அதே முறை வரவேண்டும்.

சென்ற மாதம் அம்மா தம் உயிலை எழுதினார். அதில் நிறைவேற்றாளருக்கு உரிய தொகையை, சதவீதமாக அல்லாமல் ராண்டிலேயே, தாமே சொல்லி எழுத வைத்தார்.