கிளீவ்லாந்து விவாதத்துக்கு மறுநாள்

"இவங்க சொல்றதெல்லாம் நடந்தா என் வேலை இங்கேயே இருக்குமா?" என்ற பொருளில் அவர் ஆங்கிலத்தில் கேட்டது 2008 பிப்ரவரி 27, புதன்கிழமை காலை. 'இவங்க' என்றது ஹிலாரி கிளிண்டனையும் பராக் ஒபாமாவையும்; ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி போட்டியில் இருந்த இருவரும் முந்தைய இரவு கிளீவ்லாந்தில் விவாதித்திருந்தார்கள். கேட்டவர் ஒஹையோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் புரோகிராமர். நான் அவரிடம் கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது வேலையைக் கற்றுக்கொள்வது) எடுத்து, அந்த வேலையைச் சென்னை டீமுக்குக் கொண்டுசேர்க்க வந்திருந்த ஆன்சைட் ஆள். கேடி முடிந்ததும் அவர் வேலை போகும் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் சொன்ன பதில் சரியான பதில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பதைப் படித்தால் அப்படித் தோன்றாமல் போகலாம்.

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், அரசியல் பேசுவதற்கு அந்த மாடியில் அவருக்குக் கிடைத்த ஆள் நான்தான். ஹெச்1பி விசாவில் இருந்தவனுக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் அந்தத் தேர்தல் என்னைப் பிடித்துக்கொண்டது. இரவு வீட்டுக்குப் போனால் டாக்கிங் பாயிண்ட்ஸ் மெமோ, டெய்லி கோஸ், மைடிடி என்று அரசியல் வலைப்பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறப்பேன். டெய்லி கோஸில் 'பொப்லானோ' என்ற புனைபெயரில் ஒருவர் கருத்துக்கணிப்புகளைப் பிரித்து மேய்ந்து எழுதுவார். அவர்தான், பின்னாளில் தேர்தல் கணிப்புகளுக்குப் பேர்போன நேட் சில்வர் என்று மே மாதக் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் எல்லாக் கணிப்புகளும் ஒபாமா என்று சொல்லி, ஹிலாரி ஜெயித்த ஜனவரி 8-ஆம் தேதி இரவு நான் தூங்கவே இல்லை. ஊரில் தேர்தல் முடிவுகளுக்குக்கூட அப்படி விழித்திருந்ததில்லை.

அந்தப் புரோகிராமர் அதையெல்லாம் படிக்கிறவர் இல்லை. காரில் ரேடியோ, வீட்டில் உள்ளூர் செய்தி, அவ்வளவுதான். சூப்பர் டெலிகேட் என்றால் யார், டெக்சாஸில் மட்டும் ஏன் பகலில் ஓட்டும் இரவில் காகஸும் (கூடி நின்று ஆதரவைப் பதிவது), ஹிலாரி ஒஹையோவில் ஜெயித்தாலும் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் கணக்கு ஏன் உதைக்கிறது என்று காபி மெஷின் பக்கத்தில் நின்று கேட்பார். நான் சொல்வேன். கேடி அறைக்குள் அவர் ஆசிரியர், நான் மாணவன். காபி மெஷினிடம் அது தலைகீழ். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

முந்தைய இரவு விவாதம் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். கேள்வி கேட்டவர்கள் டிவி செய்தியாளர்கள் பிரையன் வில்லியம்ஸும் டிம் ரஸ்ஸர்ட்டும். மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஹிலாரியும் ஒபாமாவும் வெகுநேரம் மல்லுக்கட்டினார்கள். எல்லா விவாதத்திலும் முதல் கேள்வி எனக்குத்தான் வருகிறது, பராக்குக்கு இன்னொரு தலையணை வேண்டுமா என்று கேளுங்கள் என்று ஹிலாரி குத்தினார். அப்புறம் நாஃப்டா, அமெரிக்கா கனடாவோடும் மெக்சிகோவோடும் போட்டிருந்த வர்த்தக ஒப்பந்தம். மெக்சிகோவும் கனடாவும் மறுபேச்சுக்கு வராவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலகுவீர்களா என்று ரஸ்ஸர்ட் விடாமல் கேட்டார். விலகுவேன் என்று மிரட்டித்தான் பேச வைப்பேன் என்றார் ஹிலாரி. அவர் சொன்னது சரிதான், அந்த மிரட்டலைச் சுத்தியல் மாதிரி பயன்படுத்த வேண்டும் என்றார் ஒபாமா. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதிக்கு இரண்டு லட்சம் வேலை கொண்டுவருவதாகச் சொன்னீர்களே, என்ன ஆயிற்று என்றும் ஹிலாரியிடம் ரஸ்ஸர்ட் கேட்டார்.

இரவு நான் மேய்ந்த இடங்களில் பேச்செல்லாம் தலையணையைப் பற்றியும், 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' தலைவர் லூயிஸ் ஃபராகானின் ஆதரவை ஒபாமா நிராகரித்தாரா கண்டித்தாரா என்ற வார்த்தை விளையாட்டைப் பற்றியும்தான். நாஃப்டா பகுதிக்கு 'சமன்' என்று மார்க் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். யார் எதைச் சொன்னால் எந்த மாவட்டத்தில் எடுபடும் என்பதே எல்லாருக்கும் கேள்வி. எனக்கும் அதுதான் கேள்வியாக இருந்தது.

புரோகிராமர் காலையில் தலையணையைப் பற்றிப் பேசவே இல்லை. வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகளுக்கு வரிச் சலுகையை நிறுத்துவேன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்களே, நடந்தால் என் வேலை இருக்குமா என்றார்.

நான் விளக்கினேன். அந்தச் சலுகை என்பது, அமெரிக்க கம்பெனிகள் வெளிநாட்டுத் துணை நிறுவனங்களில் சம்பாதிக்கும் லாபத்தை ஊருக்குக் கொண்டுவரும் வரை இங்கே வரி கட்டாமல் தள்ளிப்போடும் வசதி. இங்கே வரி 35 சதவீதம் என்பதால் அது பெரிய வசதி. ஆனால் உங்கள் கம்பெனிக்குச் சென்னையில் துணை நிறுவனம் எதுவும் இல்லை. எங்கள் கம்பெனிக்கு பில் கட்டுகிறது, அது சாதாரண வியாபாரச் செலவு. அந்தச் சட்டத்தை நாளைக்கே மாற்றினாலும் இந்த ஒப்பந்தத்தை அது தொடாது. நாஃப்டாவும் தொடாது, அது கனடா, மெக்சிகோ சமாச்சாரம். இரண்டு பேரில் யார் வந்தாலும் இங்கே ஒன்றும் மாறாது.

"சரி, அப்போ அவங்க பேசினது என்னைப் பத்தி இல்லை" என்றார். உடனே அடுத்த ஜேசிஎல்லை (மெயின்ஃபிரேம் ஜாப்களை ஓட்டும் கட்டளைகள்) திறந்தார். மாதக் கடைசி ஓட்டத்தில் ஒரு ஜாப் சாக்-செவன் என்ற டேட்டா பிழை அடித்து விழும், அப்போது எந்த ஃபைலில் எந்த ரெக்கார்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் எழுதிக்கொண்டேன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? "தெரியவில்லை" என்றால் அது பொய். "எல்லாம் சரியாகும்" என்றால் அதைவிடப் பெரிய பொய். அவருடைய மேனேஜர் அந்த விஷயத்தை 'டிரான்சிஷன்' என்பதற்கு மேல் பேசியதில்லை. கேடி முடிந்து சைன்-ஆஃப் கையெழுத்துக் கொடுத்தால்தான் செவரன்ஸ், அதாவது வேலை போகும்போது தரும் பணம், என்று ஹெச்ஆர் ஒரு காகிதம் கொடுத்திருந்தது. அந்தக் கட்டடத்தில் நேராகப் பதில் சொன்ன ஒரே ஆள் நான்தான். இப்படித்தான் பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன், அது தப்பான வாதமும் இல்லை.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எங்கள் மதிய உணவு மேசையும் கூடவே வரும். அங்கே எல்லாரும் ஹிலாரி பக்கம். 2007 ஜூனில் ஒபாமாவின் பிரசார அலுவலகம் ஹிலாரியைப் பஞ்சாபின் செனட்டர் போலக் கிண்டலடித்து, கிளிண்டன் தம்பதியின் இந்திய முதலீடுகளைப் பட்டியல் போட்டு ஒரு குறிப்பை வெளியே விட்டிருந்தது. அது முட்டாள்தனமான தவறு என்று ஒபாமா பிறகு வருத்தம் தெரிவித்தார். எங்கள் ஆட்கள் அதை மறக்கவில்லை. பஃபலோவில் டிசிஎஸ் அலுவலகம் திறந்தபோது கூட நின்றவர் ஹிலாரி, விசா விஷயத்தில் நம்மைக் கைவிட மாட்டார் என்பார்கள். நான் மட்டும் ஒபாமா கட்சி. விசா என்னவாகும் என்று கேட்டால், "மச்சி, அதெல்லாம் பிரைமரி பேச்சு, ஜெயிச்சப்புறம் மாறிடும்" என்பேன். அவர் ஜெயிக்க வேண்டும், சொன்னதைச் செய்யக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் விரும்பிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் காபி மெஷினிடம் நான் சொன்னது அலசலா, ஆசையா? வரிச் சட்டத்தைப் பற்றிச் சொன்னது அலசல். "ஒன்றும் மாறாது" என்று முடித்தேனே, அது மதிய மேசையில் நான் சொல்லிச் சொல்லிப் பழகிய வரி. எனக்கு நல்ல செய்தியாக இருந்த ஒன்றை அவருக்கு விளக்கமாகக் கொடுத்தேன். அதற்காக அது பொய்யாகிவிடாது என்பதும் உண்மைதான்.

அதே நாள் இரவு கனடாவின் சிடிவி ஒரு செய்தி போட்டது. நாஃப்டா பேச்சையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒபாமா தரப்பு கனடாவிடம் சொன்னதாகச் செய்தி. ஒபாமா தரப்பு மறுத்தது. மார்ச் 3-ஆம் தேதி, ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர் ஆஸ்டன் கூல்ஸ்பீ சிகாகோவில் கனடா தூதரக ஆட்களைச் சந்தித்ததைப் பற்றிய குறிப்பே வெளியே வந்துவிட்டது. மறுநாள் ஒஹையோவில் ஓட்டு. என் வேட்பாளருக்கு விழுந்த பலமான அடி அது. எனக்கோ உள்ளுக்குள், பார்த்தாயா நான் சொன்னேனே என்றிருந்தது. உள்ளூர் செய்தியில் புரோகிராமரும் கேட்டிருந்தார். "நீ சொன்னதுதான் சரி போல" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இப்போதும் அது பாராட்டு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒஹையோவில் ஹிலாரி எட்டு ஒன்பது சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். கூடுதலாகக் கிடைத்த பிரதிநிதிகள் பத்தைத் தொடவில்லை. வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா ரேடியோவில் குடியரசுக் கட்சிக்காரர்களையே ஹிலாரிக்குப் போடச் சொன்னதும் ஒரு காரணம் என்று ஒபாமா ஆதரவாளர்கள் கொந்தளித்தார்கள். புரோகிராமர் யாருக்குப் போட்டார், போட்டாரா என்பதே எனக்குத் தெரியாது. அந்த வாரத்துக்குப் பிறகு காபி மெஷினிடம் என்னைத் தேர்தலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேடி சூடுபிடித்துவிட்ட நேரம், அதனாலும் இருக்கலாம். ரிவர்ஸ் கேடியில் நான் அவருடைய வேலையை அவருக்கே விளக்கிக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்திவிட்டு சைன்-ஆஃப் போட்டார். கோடையில் கிளம்பிவிட்டார்.

"ஒன்றும் மாறாது" என்பதும் முழுக்கச் சரியாக இல்லை. 2010 ஆகஸ்டில் எல்லைப் பாதுகாப்புச் செலவுக்காக ஒரு சட்டம் வந்தது. ஐம்பது பேருக்கு மேல் வைத்து, அதில் பாதிக்கு மேல் விசாக்காரர்களாக இருக்கும் கம்பெனிகள் ஒவ்வொரு ஹெச்1பி விண்ணப்பத்துக்கும் 2,000 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் ஒபாமா. எங்கள் மாதிரி கம்பெனிகளைக் குறிவைத்ததுதான். ஆனால் அந்தப் புரோகிராமரின் வேலை போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சட்டம் முன்பே வந்திருந்தாலும் ஆன்சைட் ஆட்களைக் குறைத்து ஆஃப்ஷோரில், அதாவது இந்தியாவில், கூட்டியிருப்பார்கள். பாருங்கள், மறுபடியும் விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது, "அவங்க உன்கிட்ட வரியைப் பத்தியா கேட்டாங்க? ஆறுதலா ரெண்டு வார்த்தை எதிர்பார்த்திருப்பாங்கடா" என்றான். எனக்கு ஒப்பவில்லை. அவர் ஆறுதல் தேடும் ஆள் இல்லை. தன் ஜாப் ஏன் விழுந்தது என்று தெரியாமல் ரீஸ்டார்ட் கொடுக்காதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். காரணம் வேண்டும் என்றுதான் கேட்டார், காரணத்தைக் கொடுத்தேன். அதற்கு நண்பன், அப்படியென்றால் ஏன் இன்னும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டான். அன்றைக்கு அவனிடம் பேச்சை மாற்றிவிட்டேன்.