அடக்கப் பதிவேடும் தொண்ணூறாம் சங்கீதமும்

திருநெல்வேலிப் பக்கத்தில், சில கிறிஸ்தவ சபைகள் சேர்ந்த சேகரம் ஒன்றின் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருக்கிறேன். சபையார் கட்டும் சந்தாவுக்கு ரசீது எழுதுவதும் காணிக்கைக் கணக்குப் பார்ப்பதும் போக, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளைப் பாதுகாத்து, கேட்பவர்களுக்குச் சான்று எழுதிக் கொடுப்பதும் என் வேலை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வருவதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு வயதைக் காட்ட ஞானஸ்நானப் பதிவை விட்டால் வேறு ஆதாரம் இல்லாததால், வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள்.

அடக்கப் பதிவேட்டை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், மரித்த காரணம், அடக்கம் நடத்தியவரின் கையொப்பம் என ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் அதில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பழைய ஏடுகளில் காரணக் கட்டத்தில் வைசூரி, வாந்திபேதி, பிரசவம் என்றே பெரும்பாலும் இருக்கும். 1918-இன் பிற்பகுதியில், உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் சென்னை மாகாணத்தையும் வாரிக்கொண்டு போன மாதங்களில், ஒரே வீட்டாரின் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. எழுதியவர் காய்ச்சல் என்று எழுதி எழுதிச் சலித்து, பிறகு 'மேற்படி' என்று மட்டும் போட்டிருக்கிறார். "எங்கள் ஆயுசுநாட்கள் எழுபது வருஷம்" என்கிறது அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும், வேதாகமத்தின் தொண்ணூறாம் சங்கீதம். அந்தப் பக்கங்களில் எழுபதைத் தொட்டவர்களைத் தேடத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சங்கீதம் ஆயுசின் குறுக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. "எங்கள் அக்கிரமங்களை உமக்கு முன்பாகவும், எங்கள் அந்தரங்க பாவங்களை உமது முகத்தின் வெளிச்சத்திலும் நிறுத்தினீர்" என்ற எட்டாம் வசனமும் அதில் இருக்கிறது. அதன் பொருளை நான் பிரசங்கங்களில் கற்றதைவிட அலுவலக மேசையில் கற்றதே அதிகம். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட அனுமதி கேட்டு வரும் மகனிடம், பல வருடத்துச் சந்தா பாக்கியைக் கட்டிவிட்டு வரும்படி சொல்வது இங்கே வழக்கம். சபைத் தேர்தலில் எதிரணியில் நின்ற வீடு என்றால் பாக்கி இன்னும் கறாராகக் கணக்கிடப்படும். "அண்ணாச்சி, அப்பாவை வீட்டுல கிடத்திட்டு வந்திருக்கேன்" என்று ஒருவர் சொல்லி நின்றபோது, கமிட்டிப் பெரியவர்கள் ரசீது எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே பந்தலடியில் அவருடைய தம்பிமார் வயல் பங்கைப் பற்றிச் சச்சரவிட்டதும் என் காதில் விழுந்தது. இரண்டு தரப்பையும் குறை சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம்.

சபையோடு சண்டையிட்டுப் போய், பிள்ளைகளுக்காகச் சான்று வாங்கத் திரும்பி வந்த முதியவர் ஒருவர், "என் பேரை அடிச்சிருப்பீங்களே" என்றார். அடித்தல் இல்லாத அந்த வரியைக் காட்டினேன். ஞானஸ்நானப் பதிவில் விலகிப் போனவரின் பெயரை அடிக்கும் வழக்கம் கிடையாது. "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது அப்போது மனதில் ஓடியது. ஆனாலும் பதிவேட்டையே கடவுளின் ஞாபகத்துக்கு உவமையாக்கிப் பேசும் பிரசங்கங்களில் எனக்கு உடன்பாடில்லை. வசம்பும் நாப்தலின் உருண்டையும் போட்டு வைத்த அலமாரியிலேயே கறையான் ஏறியிருக்கிறது; பழைய மை பழுப்பேறி, எழுத்து இருந்த இடத்தில் காகிதம் ஓட்டையாகிக் கிடக்கிறது. அந்த ஓட்டைகளுக்கு உரியவர்களைக் கர்த்தர் மறந்துவிட்டாரா? "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்று நூற்றுமூன்றாம் சங்கீதம் சொல்கிறது. நாம் எப்படிப்பட்டவர்கள் என்று முதலிலேயே அறிந்துகொண்டு வாக்குக் கொடுத்தவருக்கு நம்முடைய தவறுதல் புதுச் செய்தி அல்ல. அதனால் அவருடைய வாக்கு நம்முடைய உறுதியின் மேல் நிற்கவும் இல்லை. என் நம்பிக்கைக்கு இதுவே ஆதாரம்.

அடக்க ஆராதனைகளில் இறந்தவரைப் புகழும் நேரம் வருடத்துக்கு வருடம் நீண்டு, சங்கீத வாசிப்பு சுருங்கி வருகிறது. எட்டாம் வசனத்தைத் தவிர்த்து, நாட்களை எண்ணும் அறிவைக் கேட்கும் பன்னிரண்டாம் வசனத்துக்குத் தாவுவதும் நடக்கிறது. துக்க வீட்டில் பாவத்தைப் பற்றி வாசிப்பது நயமில்லை என்று நினைக்கிறார்கள் போலும். அதைத் தள்ளிவிட்டால், "காலையிலே எங்களை உமது கிருபையால் திருப்தியாக்கும்" என்று பதினான்காம் வசனம் எதற்காகக் கெஞ்சுகிறது என்பதே புரியாமல் போகும். இதை இப்போதைய ஐயரிடம், அதாவது எங்கள் குருவானவரிடம், ஒருமுறை சொன்னேன். அவர் பதினேழு வசனங்களையும் வாசிக்கிறார். மூன்று நிமிடம்கூட ஆவதில்லை.