சன்னல் திட்டில் நின்ற வெள்ளை ஒயின்

சென்ற டிசம்பரில் டர்பனிலிருந்து அக்கா குடும்பத்துடன் கேப்டவுனுக்கு வருவதாகச் சொன்னதும், ஸ்டெல்லன்போஷில் பெட்டியாக வாங்கிவந்த செனின் பிளாங் என்ற வெள்ளை ஒயின் புட்டிகளில் ஒன்றை, அதன் இளமஞ்சள் நிறத்தின் அழகுக்காகவே, சமையலறைச் சன்னல் திட்டில் வைத்தேன். எட்டு மணி வாக்கில்தான் பொழுது சாயும் கேப்டவுன் கோடையில் அது பன்னிரண்டு நாள் அங்கேயே நின்றது. விருந்தன்று திறந்தபோது, முட்டைக்கோசை வேகவைத்து மூடிய பாத்திரத்தைத் திறந்ததுபோல் ஒரு வாடை எழுந்தது. பழையதாகியிருக்கும் என்றார் அத்தான். அதே பெட்டியிலிருந்து அலமாரிக்குள் இருந்த இன்னொரு புட்டியைத் திறந்தோம். அதில் கொய்யா மணம் சற்றும் குறையவில்லை. ஆகவே கெடுத்தது காலமன்று, வெளிச்சம்.

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்கு மஞ்சள் நிறம் தரும் ரைபோஃப்ளேவின், திராட்சையிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் ஒயினுக்குள் சிறிதளவு வந்து சேர்கிறது. ஏறத்தாழ 370, 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை, அதாவது புற ஊதாவின் விளிம்பையும் நீலத்தையும், அது உறிஞ்சிக் கிளர்ச்சியுற்று, அருகிலுள்ள மெத்தியோனின் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலத்தை மெத்தியோனாலாகச் சிதைக்கிறது. மெத்தியோனால் நிலையற்றது, அது உடைந்து மெத்தேன்தயாலும், அதிலிருந்து டைமெத்தில் டைசல்ஃபைடும் உண்டாகின்றன. வெந்த முட்டைக்கோசு, வெங்காயம், நனைந்த கம்பளி ஆகியவற்றின் வாடை இவற்றால் வருவதே. வெயிலில் வைத்த பாலின் சுவை மாறுவதற்கும் இதே ரைபோஃப்ளேவினும் மெத்தியோனினுமே காரணம் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. சிவப்பு ஒயினில் நிறமிகளும் துவர்ப்புப் பொருள்களும் மிகுந்திருப்பதால், அவை ஒளியைத் தடுத்து அதை ஓரளவு காக்கின்றன. வெள்ளைக்கும் நுரை ஒயினுக்கும் அந்தக் காவல் இல்லை.

எஞ்சிய காவல் கண்ணாடிதான். பழுப்புக் கண்ணாடி தீங்கான ஒளியில் பெரும்பகுதியை நிறுத்திவிடும்; பச்சை ஓரளவு நிறுத்தும்; நிறமற்ற கண்ணாடியோ ஏறக்குறைய எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும். 1876-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காக உருவான கிரிஸ்டல் ஷாம்பெயின் இன்றும் நிறமற்ற புட்டியில் வருகிறது என்றாலும், அதை ஒளி தடுக்கும் பொன்னிறத் தாளில் சுற்றித்தான் விற்கிறார்கள். அந்தத் தாளும் இல்லாமல், நிறம் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே வெள்ளை ஒயினையும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினையும் நிறமற்ற கண்ணாடியில் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓராண்டு முழுவதும் கொடியைப் பேணியவர்களின் உழைப்பு கடைத் தட்டின் விளக்கொளியில் வீணாகிறது. வெண்ணிற எல்.இ.டி. விளக்கின் நீல ஒளியும் அந்த 450-ஐ ஒட்டியே உச்சம் கொள்வதால், வெயில் படாத கடை என்று நம்பியிருக்கவும் இயலாது. நான் இப்போது தட்டில் நிற்பதை விட்டுவிட்டு, திறக்காத பெட்டியிலிருந்து எடுத்துத் தருமாறு கேட்டு வாங்குகிறேன்.

கெட்டதைத் திருத்தவும் வழியில்லை. தாமிர உப்பு மெத்தேன்தயாலைப் பிடித்து நீக்கும். டைசல்ஃபைடை அது தொடாது. அந்தப் புட்டியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, எஞ்சியிருந்த நான்கையும் செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.