பெறாமகனுக்கு வந்த ஜூரி அழைப்பு

ஹூஸ்டனில் இருக்கும் என் பெறாமகனுக்கு ஜூரி அழைப்பு வந்திருக்கிறது; அதாவது, பொதுமக்களில் இருந்து ஆட்களை எடுத்து, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவைக்கும் குழுவுக்கு வரச்சொல்லி. அங்கே குடியுரிமை எடுத்த பிறகு இதுதான் முதல் தடவை. "பெரியம்மா, இதில இருந்து கழர வழி இருக்கா?" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தே தலை நரைத்தவள் நான். அதனால் எந்த நாட்டு நீதிமன்றமும் எனக்கு அத்துப்படி என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இணையத்தில் சும்மா வாசிக்கலாம் என்பதால், ஓய்வுக்குப் பிறகு அதுவே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. சரி, அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

டெக்சாஸில் பெரிய குற்றமென்றால் 12 ஜூரர்கள், சின்னக் குற்றமென்றால் 6 பேர். அழைத்தவர்களையெல்லாம் அப்படியே உட்காரவைப்பதில்லை. இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிமாரும் கேள்வி கேட்டு ஆட்களைக் கழிப்பார்கள். மரண தண்டனை கேட்காத பெரிய வழக்கில், காரணமே சொல்லாமல் ஆளுக்கு 10 பேரை வேண்டாம் என்று சொல்லலாம். கறுப்பினத்தவர் என்பதற்காக ஒருவரைக் கழிக்கக்கூடாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அந்தச் சந்தேகத்தில் காரணம் கேட்டால் "முகத்தைச் சுளித்தார்", "தூங்கி வழிந்தார்" என்று எதையாவது சொல்லிச் சமாளிக்க அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"பயப்படாதே, அநேகமாக நீ கதிரையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போவாய்" என்றேன். அங்கே விளக்கம், அதாவது சாட்சிகளைக் கூப்பிட்டு நடத்தும் முழு விசாரணை, வரைக்கும் போகிற வழக்கே கொஞ்சம்தான். மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளியாகிறவர்களில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் தாங்களாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று 2012இல் உச்ச நீதிமன்ற நீதியரசர் கென்னடி ஒரு தீர்ப்பில் எழுதினார். படங்களில் காட்டுகிற குறுக்கு விசாரணையும் மேசையில் அடிப்பதும் மிச்சமுள்ள சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு எல்லாம் பேரத்தில் முடிகிறது. அரச தரப்பு வழக்குத் தொடுநர் ஒரு விலை சொல்வார். எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி குறைத்துக் கேட்பார். ஒத்துவந்தால் நீதிபதி முன்னால் போய் "ஓம், செய்தேன்" என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதான்.

எங்கள் நீதவான் நீதிமன்றத்திலும் கசிப்பு என்கிற கள்ளச்சாராய வழக்கில் பிடிபட்டவர் முதல் தவணையிலேயே ஒப்புக்கொண்டு, தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்பார். அதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அமெரிக்காவில் பேரத்தில் இருப்பது வருடங்கள்.

கென்டக்கியில் போல் ஹேய்ஸ் என்று ஒருவர். 88 டொலர் 30 சதத்துக்குப் பொய்க் காசோலை மாற்றினார் என்று குற்றச்சாட்டு. அதற்குத் தண்டனை இரண்டிலிருந்து பத்து வருடம். ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் கேட்கிறேன், இல்லையென்றால் பழைய குற்றங்களையும் சேர்த்து, திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கான சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனைக்குக் கொண்டுபோவேன் என்றார் வழக்குத் தொடுநர். ஹேய்ஸ் மறுத்தார். வழக்குத் தொடுநரும் சொன்னபடி செய்தார். ஆயுள் தண்டனை. இது முறைதானா என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பேரத்தில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை வாசித்த இரவு எனக்குக் கோபத்தில் நித்திரை வரவில்லை. விளக்கம் கேட்பது உரிமை என்று அரசியலமைப்பில் எழுதிவைத்துவிட்டு, கேட்டவனுக்கு ஐந்து வருடத்துக்குப் பதிலாக வாழ்நாள் முழுவதும் என்றால், அது என்ன உரிமை?

அங்கே பெரும்பாலான மாநிலங்களில் தலைமை வழக்குத் தொடுநரும் தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தவர்தான். டெக்சாஸில் நீதிபதிமாரே கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்கிறார்கள். எங்கள் ஊர் உவர்மலைச் சந்தியில் நீதிபதிக்குச் சுவரொட்டி ஒட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். எங்களுக்குக் குற்றப்பத்திரிகை கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து வரவேண்டும். வரும், ஆனால் எப்போது என்று கேட்கக்கூடாது. அங்கே பேரத்தால் மனிதர் சோர்ந்துபோகிறார், இங்கே தவணைக்கு மேல் தவணையாக வழக்கு இழுபடுவதால். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று 13 சந்தேக நபர்களும் நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். பதின்மூன்று வருடத்தில் சாட்சிகள் எந்தெந்த நாட்டில் இருப்பார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பிணை விஷயத்தில் மட்டும் எங்கள் வழியே மேல் என்று நான் அடித்துச் சொல்வேன். இங்கே பெரும்பாலும் சரீரப் பிணைதான். இரண்டு பேர் வந்து இவருக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்து வைக்கவேண்டும். அதற்கு அலைவதும் லேசில்லை. கிராம சேவையாளரிடம் கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கி, வேலைக்குப் போகிற மாமாவை அரை நாள் லீவு போடவைத்து, மூன்று மணிக்கு முன்னால் பதிவாளர் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். தாய் ஒருத்தி சாறித் தலைப்பில் அடையாள அட்டைகளை முடிந்துகொண்டு எங்கள் அலுவலகப் படியில் இருப்பாள். பிணைகாரர் ஒருவரின் கடிதத்தில் பெயர் ஓர் எழுத்துப் பிழைத்திருக்கும். அன்று வெள்ளிக்கிழமையாகவும் இருக்கும். ஆனால் ஆட்கள் கிடைத்துவிட்டால் காசு பெரிதாக வேண்டாம்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் காசைக் கட்டவேண்டும். கையில் இல்லாதவர் பிணைக் கடைக்காரரிடம் போவார். தொகையில் பத்து வீதமளவை அவருக்குக் கொடுத்தால் மிச்சத்துக்கு அவர் பொறுப்பு. கொடுத்த காசு, குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் திரும்பி வராது. இப்படிப் பிணையை வியாபாரமாக வைத்திருக்கிற நாடு அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் விட்டால் வேறில்லை என்பார்கள். பத்து வீதமும் இல்லாதவர் உள்ளே. உள்ளே இருப்பவரிடம்தான் பேரம் சுலபம்; ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றால் செய்யாததையும் செய்தேன் என்று சொல்லத் தோன்றும். இலினோய் மாநிலம் 2023 செப்டம்பரில் காசுப் பிணையை முழுதாக எடுத்துவிட்டது.

குறை மட்டும் சொன்னால் பெறாமகன் கோபிப்பான். எனக்குப் பிடித்த ஆள் கிடியன். 1961இல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கடையை உடைத்துச் சில்லறை திருடினார் என்று பிடித்தார்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லை, ஒருவரைத் தாருங்கள் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றார் நீதிபதி. தானே வாதாடி, தோற்று, ஐந்து வருடம் உள்ளே போனார். சிறையில் கோடு போட்ட தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். எத்தனையோ மனுக்களைத் தட்டச்சு செய்து, ஓரம் விடவில்லை என்று திருப்பிவிடப்பட்டவள் நான். பென்சில் மனுவை எடுத்துக்கொண்டார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. 1963இல் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து, பெரிய குற்றவழக்கில் வசதியில்லாதவருக்கு மாநிலமே சட்டத்தரணி தரவேண்டும் என்றார்கள். மறு விளக்கத்தில் சட்டத்தரணியோடு நின்ற கிடியன் விடுதலையானார்.

கடைசியாக அவன் கேட்டது: "பதினொரு பேர் ஒரு பக்கம், நான் மட்டும் மற்றப் பக்கம் எண்டால்?" எங்கள் மேல் நீதிமன்றத்தில் ஜூரி கேட்டால் 7 பேர், ஐந்துக்கு இரண்டு போதும். எந்த மொழி பேசும் ஜூரி என்பதையும் எதிரி தெரிவு செய்யலாம். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கில் சிங்களம் பேசும் ஜூரி, 2016 டிசம்பரில் நள்ளிரவில் எல்லோரையும் விடுவித்தது. அமெரிக்காவிலோ பெரிய குற்றத்துக்கு ஜூரர்கள் எல்லோரும் ஒருமித்தால்தான் தண்டனை. ஒருவர் ஒத்துவராவிட்டால் ஜூரி கலைந்து, வேண்டுமானால் வேறு ஜூரியோடு மறுபடி முதலிலிருந்து. லூசியானாவும் ஒரிகனும் மட்டும் பத்துக்கு இரண்டு போதும் என்று வைத்திருந்தன. லூசியானாவில் எல்லோரும் ஒருமிக்கத் தேவையில்லை என்ற வழக்கம், கறுப்பின ஜூரர்களின் குரல் எடுபடாமல் இருக்கவேண்டும் என்று 1898இல் கொண்டுவந்தது. 2020இல்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அப்புறம் 2021இல், மேன்முறையீடெல்லாம் முடிந்து ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரிகன் மாநில நீதிமன்றம் 2022 கடைசியில், எங்கள் பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று தானாகத் தீர்த்தது. லூசியானா அப்படிச் செய்யவில்லை.